கயிற்றுக்கு முன்னால் நின்றவர்

வாய் நிறையப் பற்பசை நுரையோடு நின்றுகொண்டிருந்த காலையில் தொலைபேசி அடித்தது. பேசியவர் மாரியப்பன். சேத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்து ஊர் ஒன்றில் கோயில் வேட்டுப் போடுகிறவர். திருவிழாவுக்கு அழைப்பதைத் தவிர அவர் என்னைக் கூப்பிட்டதே கிடையாது. இது திருவிழா மாதமும் இல்லை.

“சார், நம்ம கோதண்டராமன் சாருக்கு ராத்திரியிலருந்து கொஞ்சம் முடியலையாம். ஒரு எட்டு ராஜபாளையம் போய்ப் பாத்துட்டு வந்துருங்களேன்.”

நுரையைத் துப்பிவிட்டுக் கேட்டேன். “மாரியப்பா, இது கொறச்சுப் போட்டதா, திருவிழா அளவா?”

மறுமுனையில், வருஷா வருஷம் ஒரு ஊரையே அதிர வைக்கிற மனிதர், சத்தம் வெளியே வராமல் அழுதுகொண்டிருந்தார். பிறகு, “திருவிழா அளவுதான் சார்” என்றார்.

நம் கல்லூரியில் படித்தவர்களுக்கும் வேலை பார்த்தவர்களுக்கும் இயற்பியல் துறை கோதண்டராமன் சாரைத் தெரியும். இந்தக் கேள்வியைத் தெரிந்திருக்காது. அது அவருடைய கேள்வி. எப்படி அவருடையதாயிற்று என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சார் பயந்தவர். இதைச் சொல்லி அவரை இழிவுபடுத்துவதாக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவரே வகுப்பில் சொல்வார். தீபாவளிக்கு ராஜபாளையம் வீட்டின் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊரெல்லாம் மருத்துவப் பஞ்சும் கட்டுத்துணியும் செய்து லாரி லாரியாக அனுப்புகிற ஊர். அதில் சாருடைய காதுக்கே ஒரு பங்கு போயிருக்கும் என்று நான் கேலி செய்வதுண்டு. வீட்டில் மின்விசிறி கழன்றால் இறக்கை எந்தப் பக்கம் பறக்கும் என்று கணக்குப் போட்டு, மருமகன் படுக்கும் கட்டிலை இடம் மாற்றியவர். ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்தால் மொட்டை மாடியை விட்டு இறங்க மாட்டார். ஊரே வடம் பிடிக்கும்போது இவர் மேலே நின்று, சக்கரத்துக்குக் கட்டை போட்டபிறகும் தேர் எத்தனை அடி போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். “நின்னுருச்சுன்னு நாமதான் நெனைக்கோம். அது இன்னும் போய்க்கிட்டுத்தான் இருக்கு” என்பார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

நான் வணிகவியல் துறை. அவருக்கும் எனக்கும் இடையில் பயத்தைத் தவிர வேறு ஒற்றுமை கிடையாது. அந்தப் பயத்தை வைத்து நாங்கள் செய்த காரியமும் வேறு வேறு. நான் பயந்தால் ஜோக் அடிப்பேன். அவர் பயந்தால் அளப்பார். “தைரியசாலி எதையும் அளக்க மாட்டான்யா. சுட்டுட்டுப் போயிருவான். பயந்தவன்தான் அளப்பான்” என்று ஒருநாள் பேருந்தில், ஓட்டுநரின் காலையே பார்த்துக்கொண்டு சொன்னார். ஓட்டுநர் பிரேக்கில் கால் வைக்கிறாரா என்று பார்க்கத்தான் எப்போதும் அந்த இருக்கை.

அவர் ஓய்வு பெற்றபிறகு மாரியப்பனின் ஊரிலிருந்து அவரைத் தேடி வந்தார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். எனக்கு இன்னும் அங்கே கோயில் பொங்கலுக்கு அழைப்பு வருகிறது. அந்த ஊர் அம்மன் கோயிலில் ஒரு சின்னப் பீரங்கி உண்டு. முழ நீளம்தான் இருக்கும். பொங்கல் அன்று வெடி மருந்தை இடித்து அடைத்து, மேலே களிமண்ணும் நாரும் பிசைந்து காயவைத்த உருண்டையை வைத்துச் சுடுவார்கள். உருண்டை வயல்வெளியில் போய் விழுந்து உடையும். அந்த மண்ணில் ஒரு பிடி கிடைத்தால் காட்டுப்பன்றி அந்த வருஷம் உங்கள் கொல்லையில் கால் வைக்காது என்பது நம்பிக்கை. மலையிலிருந்து இறங்கும் பன்றியிடம் கடலையையும் வாழையையும் பறிகொடுத்தவர்களுக்குத்தான் அந்த மண்ணின் அருமை தெரியும். ஆகவே உருண்டை விழும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கலாம் என்பதில்தான் ஊருக்குள் போட்டி. நடுவில் ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் பீரங்கியும் உருண்டை விழும் வெளியும். அந்தப் பக்கம் பெண்கள் பொங்கல் அடுப்பு மூட்டியிருப்பார்கள்.

பழைய பீரங்கியில் விரிசல் விழுந்துவிட்டது. மில்லில் கழித்துப் போட்ட கனத்த இரும்பு உருளையை வாங்கி, ராஜபாளையத்தில் ஒரு லேத்தில் கொடுத்துக் கடைந்து புதுசாக ஒன்று செய்துவிட்டார்கள். பழையது எவ்வளவு தூரம் அடிக்கும் என்று ஊருக்கே தெரியும். புதுசு எவ்வளவு தூரம் அடிக்கும் என்று அதைக் கடைந்தவருக்கும் தெரியாது. கயிற்றை எங்கே கட்டுவது என்று விஷயம் தெரிந்த ஒருவர் அளந்து சொன்னால்தான் அனுமதி என்று காவல் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். விழாக் கமிட்டித் தலைவர் ஒரு சுபேதார். பட்டாளத்திலிருந்து வந்து வெகுகாலம் ஆகிறது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார், அப்பேர்ப்பட்ட சுபேதார். அவருடைய மகள் சாரிடம் படித்தவள்.

சார் இரண்டு இரவு தூங்கவில்லை என்று அவர் மனைவி சீதம்மா அக்கா சொன்னார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார். “கயிறு தப்பா இருந்தா அந்தப் பொம்பளைங்க மேல விழும்யா. நீ வா. செல்போன்ல படம் புடிக்கணும்.” என் மனைவி வாசல்வரை வந்து வழியனுப்பினாள். “போயிட்டு வாங்க. ஒங்க கொறட்டையவிடப் பெரிய சத்தம் ஒலகத்துல இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க.”

சோதனை ஒரு மாந்தோப்பில் நடந்தது. சாரின் முறை எளிமையானது. தடித்த மரக்கட்டை ஒன்றைக் குடைந்து, உள்ளே சாக்கும் மணலும் அடைத்து, மாமரக் கிளையிலிருந்து நான்கு கயிற்றில் ஊஞ்சல் போலத் தொங்கவிட்டார். பீரங்கி உருண்டை போய் அதற்குள் புதைந்துகொள்ளும். இடி வாங்கிய ஊஞ்சல் பின்னால் எழும்பும். எவ்வளவு உயரம் எழும்புகிறது என்பதைக் கட்டையின் அடியில் கட்டிய பலப்பம் ஒரு கரும்பலகையில் கீறிக் காட்டும். அந்த உயரமும் கட்டையின் எடையும் உருண்டையின் எடையும் தெரிந்தால் உருண்டை என்ன வேகத்தில் வந்தது என்று சொல்லிவிடலாம். வேகமும் பீரங்கி நிமிர்ந்திருக்கும் சாய்வும் தெரிந்தால் எங்கே போய் விழும் என்று சொல்லிவிடலாம். “இது ரொம்பப் பழைய வித்தை. புல்லட்டைக் கண்ணால பாக்க முடியாதவன் கண்டுபிடிச்சது” என்றார். நானும் கண்ணால் பார்க்கவில்லை. இறுக மூடியிருந்தேன். நான் எடுத்த படத்தில் கொஞ்சம் வானமும், பறந்து ஓடுகிற ஒரு காக்கையும், என் செருப்பும், “ஐயோ அம்மா” என்ற என் குரலும் பதிவாகியிருக்கின்றன.

சார் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். காதில் பஞ்சு. அவர் வேட்டி நுனி ஆடிக்கொண்டே இருந்தது. தோப்பில் காற்றே இல்லை. மாரியப்பன் மருந்தை இடிக்கும்போது ஒருமுறை சாரைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். அப்போது எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

மூன்று முறை சுட்டார்கள். மூன்று முறையும் ஊஞ்சல் ஏறத்தாழ ஒரே உயரம்தான் எழும்பியது. சாருக்கு அவ்வளவு சந்தோஷம். கணக்குப் போட்டு, அதற்கு மேல் பாதுகாப்புக்கென்று கொஞ்சம் கூட்டி, அதற்கும் மேல் ஒரு பத்தடியைச் சேர்த்தார். “அது எதுக்கு சார்?” என்றேன். “அது என் பயத்துக்கு” என்றார். கயிறு கட்டும் இடத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுத் திரும்பினோம். அன்றைக்கு வண்டியில் சார் தூங்கிக்கொண்டே வந்தார். ஓட்டுநரின் காலைக்கூடப் பார்க்கவில்லை.

பொங்கல் அன்று சாரும் சீதம்மா அக்காவும் நானும் போயிருந்தோம். வயல்வெளி முழுக்கக் கூட்டம். கோட்டின் மேல் கயிறு கட்டியிருந்தது. அதை ஒட்டியே வரிசையாக அடுப்புகள், பானைகள், குலவைச் சத்தம். பீரங்கியைத் திருப்பவோ தாழ்த்தவோ முடியாதபடி சிமெண்டு மேடையில் பதித்துவிட்டார்கள். அதன் வாய் எப்போதும்போலக் கிழக்கே பார்த்திருந்தது. மருந்தை இடித்து முடித்துவிட்டு மாரியப்பன் பக்கத்து டீக்கடையில் என்னைப் பார்த்து உட்கார்ந்தார். நல்ல உற்சாகம்.

“சார், அன்னைக்குத் தோப்புல பாத்ததெல்லாம் ஒண்ணுமே இல்ல. இன்னைக்குப் பாருங்க, எம்புட்டுச் சத்தம்னு.”

“ஏன், அன்னைக்கு நல்லாத்தானே போச்சு?”

“அன்னைக்கு மருந்து பாதிதான சார் போட்டேன்! பெரியவுக, வயசானவுக, வேட்டி நடுங்க நிக்காக. நம்ம தோப்புக்கு வந்த மனுசரப் பயமுறுத்தலாமா? கொழா நல்லா இருக்கான்னு பாக்கத்தான வந்தீக. அதான் மூணு வாட்டியும் மரியாதையாக் கொறச்சுப் போட்டேன்.”

என் கையில் இருந்த டீ என் காலில் கொட்டியது. சுட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வந்த விருந்தாளிக்குக் காரம் குறைத்துக் குழம்பு வைக்கிற அதே நல்ல மனசு. அந்த நல்ல மனசின் மேல்தான் சாரின் கணக்கு முழுவதும் நின்றுகொண்டிருந்தது. அந்தக் கணக்கின் மேல் இருநூறு அடுப்புகள்.

ஓடினேன். நான் ஓடி யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள், பார்க்கும்படியாகவும் இருக்காது. சார் சுபேதாரோடு மேடையருகே நாற்காலியில் இருந்தார். காதில் அப்போதே பஞ்சு. நான் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. பஞ்சைப் பிடுங்கிவிட்டு, “அன்னைக்குத் தோப்புல போட்டது பாதி மருந்து சார், பாதி!” என்றேன்.

அந்த முகத்தை நான் மறக்க ஆசைப்படுகிறேன். இரத்தம் முழுக்க இறங்கிப் போய்விட்டது. உதடு மட்டும் கணக்குப் போட்டது. பிறகு கயிற்றைப் பார்த்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம், மூன்றாவது அடுப்பு வரிசை இருந்த இடத்தில் அவர் கண் நின்றது. நானும் பார்த்தேன். அங்கே மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண் குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

“மருந்த வெளிய எடுக்க முடியுமா மாரியப்பா?” என் பின்னாலேயே ஓடி வந்த மாரியப்பனிடம் சார் கேட்டார்.

“இடிச்ச மருந்த எப்படி சார் எடுக்க? சுட்டுத்தான் காலி பண்ணணும்.” மாரியப்பனுக்கு இப்போது விஷயம் புரிந்துவிட்டது. பீரங்கியைப் பற்ற வைக்கும் திரிக்கழியை அவர் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

சார் ஒலிபெருக்கியை வாங்கினார். “எல்லாரும் கேளுங்க. நான் போட்ட கோடு தப்பு. என் கணக்கு தப்பு. கேக்க வேண்டியதைக் கேக்காம விட்டுட்டேன். தயவுசெஞ்சு எல்லாரும் வாய்க்கால் தாண்டிப் பின்னால போயிருங்க.” மாரியப்பன் பெயரை அவர் சொல்லவே இல்லை. அவசரத்தில் விட்டுப்போனதென்று நினைத்தேன்; பிறகு ஒருநாளும்கூட அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை.

கூட்டம் சிரித்தது. “வாத்தியாரு பெயிலு!” என்று யாரோ கத்தினார்கள். ஒருவர்கூட நகரவில்லை. பின்னால் போனால் மண் கிடைக்குமா? சுபேதார் எரிச்சலாகிவிட்டார். “என்ன சார் இது? கோடு போட்டதும் நீங்க, பேப்பர்ல எழுதிக் குடுத்ததும் நீங்க. பொறவு இப்ப வந்து தப்புங்கீக. பொங்கப் பொங்குத நேரம். நல்ல நேரம் போயிரும். ஏலே மாரியப்பா, பத்த வையி!”

அப்போது சார் செய்ததை நான் நம்பவில்லை. இன்றைக்கும் முழுதாக நம்பவில்லை. ஒலிபெருக்கியை என் கையில் கொடுத்துவிட்டு, பீரங்கிக்கு முன்னால் இறங்கி நடந்தார். திறந்த வெளியில், பீரங்கி வாய்க்கும் கயிற்றுக்கும் நடுவே, நேர் எதிரே போய் நின்றார். ஊதுவத்தி நெருப்பு விழுந்தாலே துள்ளுகிற மனிதர். “நான் இங்கதான் நிப்பேன். அவங்க போனாத்தான் போவேன்” என்றார். சத்தமாகக்கூடச் சொல்ல முடியவில்லை. எனக்குக் கேட்டது; மாரியப்பனுக்குக் கேட்டது.

மாரியப்பன் திரிக்கழியைத் தண்ணீர் வாளியில் போட்டார். “சாரு நிக்கையில நான் பத்த வைக்க மாட்டேன்” என்றார். “வேற திரி இருக்குலே” என்று சுபேதார் தானே கையை நீட்டினார். பட்டாளத்துக்காரர், கை நடுங்கவில்லை. நான் ஏதாவது செய்திருக்கலாம். செய்தேன், ஒலிபெருக்கியில் என் மூச்சு இரைப்பதை ஊர் முழுக்கக் கேட்க வைத்தேன்.

சார் நின்றார். வேட்டி நடுங்கியது. மாந்தோப்பில் பார்த்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இடுப்பிலிருந்து கணுக்கால்வரை, காற்றில் கொடி அடிப்பதுபோல அடித்தது. கூட்டத்தின் கடைசியிலிருந்தும் தெரிந்திருக்கும். மஞ்சள் சேலைக்காரி அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். கண்ணுக்கு மேல் கையை வைத்து நன்றாகப் பார்த்தாள்.

“ஏட்டி, அவிய வேட்டியப் பாரு” என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். “படிச்ச மனுசன். இம்புட்டு நடுங்கிக்கிட்டும் நகர மாட்டேங்காரு. அப்ப இங்க இருக்கவளுக்கு என்ன காத்திருக்கோ? எந்திரிங்கடி!”

பானையைச் சேலைத் தலைப்பால் பிடித்துத் தூக்கிக்கொண்டு அவள் நடந்தாள். பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். பிறகு ஒரு வரிசை. பிறகு எல்லா வரிசையும். சாரின் கணக்கு சொல்லியும் அசையாத ஊரை அவர் வேட்டி நகர்த்தியது. ஆண்கள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போனார்கள். சுபேதார் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். கடைசிப் பானை வாய்க்காலைத் தாண்டியபிறகு சார் திரும்பினார். நானும் சீதம்மா அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கூட்டி வந்தோம். “ஏமண்டி, ஏமண்டி” என்று, என்னங்க என்பதை வீட்டில் பேசும் தெலுங்கில் சொல்லிக்கொண்டே வந்தார் அக்கா.

பீரங்கி வெடித்தது. அந்தச் சத்தத்தை எழுத எனக்கு எழுத்துப் போதாது. உருண்டை பழைய கயிற்றின் இடத்தைத் தாண்டி, மூன்றாவது வரிசையில், அணையாமல் கிடந்த ஓர் அடுப்பின் மேல் விழுந்தது. அடுப்புக்கல் ஒன்று எகிறி வாய்க்கால் கரைவரை வந்தது. யாரும் குலவை போடவில்லை. யாரும் மண் எடுக்க ஓடவும் இல்லை. மஞ்சள் சேலைக்காரி தன் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மெதுவாகப் போய் ஒரு பிடி மண் அள்ளினாள். அதைக் கொண்டுவந்து சார் கையில் கொடுத்தாள்.

மாரியப்பன் சார் காலடியில் உட்கார்ந்துவிட்டார். சார் அவர் தோளைத் தொட்டார். “மாரியப்பா, என்னைப் பயமுறுத்தியிருக்கணும்யா நீ. நான் அதுக்குத்தானே வந்தேன்.”

அதிலிருந்து பிறந்ததுதான் அந்தக் கேள்வி. பிறகு சார் எங்கே போனாலும் கேட்டார். மெக்கானிக் வண்டியைப் பார்த்து ஒன்றுமில்லை என்றால், “இது எனக்காகக் கொறச்சுப் போட்டதா, திருவிழா அளவா?” பேரன் பரீட்சை நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னால் அதே கேள்வி. நான் எழுதிய நகைச்சுவைக் கட்டுரையைச் சீதம்மா அக்கா பாராட்டியபோது, எனக்காக அவரே அக்காவிடம் கேட்டார். அக்கா பால்கோவா எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்விட்டார்.

போன வருஷம் மதுரையில் ஒரு மருத்துவமனையில் கேட்டார். இளம் டாக்டர். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, “சின்ன வீக்கம்தான் ஐயா, மாத்திரை எடுத்துக்கிட்டா கட்டுப்படும்” என்றார். சார் கேள்வியைக் கேட்டார். டாக்டருக்கு விளங்கவில்லை. நான்தான் பீரங்கிக் கதையைச் சொன்னேன், வழக்கம்போல என் ஓட்டத்தையும் நடித்துக் காட்டி. டாக்டர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. நாற்காலியைச் சார் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழுதும் சொன்னார்.

வெளியே வந்ததும் சார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “பயமா இருக்குய்யா.”

எனக்கு ஜோக் வரவில்லை. அவர் கற்றுத்தராமலே அவரிடமிருந்து ஒட்டிக்கொண்ட ஒன்றைத்தான் கேட்க முடிந்தது. “எவ்வளவு சார்?”

யோசித்தார். உண்மையிலேயே அளந்து பார்த்தார். “மாந்தோப்பு அளவு இல்ல. அதத் தாண்டிருச்சு. கயித்துக்கு முன்னால நின்னேன்ல, அந்த அளவு.” என் மணிக்கட்டை விடாமலே, “ஆனா அன்னைக்கு நின்னேன்ல?” என்றார்.

நின்றார். அந்த ஒரு வருஷமும் நின்றார். வேட்டி நடுங்கத்தான் நின்றார்; யாரிடமும் அதை மறைக்கவில்லை. தனக்குப் பிறகு சீதம்மா அக்கா யாரோடு இருப்பார், மருந்துக்கு யார் கூட்டிப்போவார் என்பதையெல்லாம் கயிற்றைத் தள்ளிக் கட்டுவதுபோல ஒவ்வொன்றாகத் தள்ளிக் கட்டி முடித்தார்.

அன்று காலை மாரியப்பனோடு பேசிவிட்டு ராஜபாளையம் போனேன். வாசலில் சுபேதார் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே சார் தலைமாட்டில், ஒரு கிண்ணத்தில், காய்ந்துபோன அந்த ஒரு பிடி மண் இருந்தது. சார் காதில் பஞ்சு வைத்திருந்தார்கள். இறந்தவர்கள் எல்லோருக்கும் வைப்பதுதான். என்னால்தான் அதைப் பார்க்க முடியவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். எனக்கு அது மிகவும் தேவை. ஏனென்றால் என் பிழைப்பே குறைத்துப் போடுவது. பயத்தைக் குறைத்துப் போட்டால் ஜோக். துக்கத்தைக் குறைத்துப் போட்டால் இந்தக் கட்டுரை. இதைச் சீதம்மா அக்கா படிப்பார். படித்துவிட்டுச் சார் சார்பாகக் கேட்பார், எனக்குத் தெரியும்.

அக்கா, குறைத்துத்தான் போட்டிருக்கிறேன். திருவிழா அளவு தெரிய வேண்டுமானால், அன்றைக்கு உங்கள் வீட்டு வாசலில் காற்றில்லாத வெயிலில் நான் நின்றபோது என்னை நீங்கள் பார்த்தீர்கள். நான் வேட்டிதான் கட்டியிருந்தேன்.